படிக்கட்டின் அடியில் வரைந்த அறை

இரவு ஏழு மணி. கிடங்குத் தெருவில் கடைசி ஷட்டரும் இறங்கிவிட்டது. ஒரு நாய்கூட இல்லை... சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். இது என் கூட்டாளியின் மைத்துனிக்கு நடந்தது. கூட்டிக் குறைத்துச் சொல்ல நானென்ன துணிக்கு விலையா பேசுகிறேன்?

அவள் பழைய கட்டடங்களை அளந்து படம் வரைபவள். கூட வேலை பார்த்தவனுக்குச் சர்க்கரை என்று பட்டப்பெயர், அப்படியொரு பேச்சு. அவள் பழைய பத்திரங்களைக் கிளறி, சுவர் சுவராக அளப்பாள். அவன் அதை வைத்து, பார்க்க வருகிறவர்கள் வாய் பிளக்கிற மாதிரிக் கண்காட்சி கட்டுவான். இந்தத் தெருவிலிருக்கும் பழைய கிடங்கு ஒன்றுக்கு மட்டும் இரண்டு வருஷ உழைப்பு. படங்கள் நகரசபைக்குப் போனபோது அடியில் ஒரே பெயர்தான் இருந்தது. சர்க்கரையின் பெயர்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. படத்தைத் திருடுகிறவனைப் பிடிக்க, அதற்குள் ஒரு பொய்யைப் புதைத்து வைப்பது அந்தத் தொழிலில் உண்டு. படிக்கட்டின் அடியில் ஒரு குட்டி அறை வரைந்திருந்தாள். உண்மையில் அங்கே வெறும் சுவர். சுவருக்குப் பின்னால் தெரு.

"அந்த ரூமே கிடையாதுங்க. அவன் அளந்திருந்தா தெரிஞ்சிருக்கும்," என்றாள் நகரசபை அதிகாரியிடம்.

"ரெண்டு பேரும் இன்னிக்கே போய் அளந்துட்டு வாங்க. காலையில எந்தப் பேருன்னு முடிவு பண்ணிக்கலாம்."

காவலாளி பூட்டைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே ஈரச் சாக்கின் வாடை. அவள் படிக்கட்டின் அடியில் டார்ச்சை அடித்தாள்...

கதவு இருந்தது.

அவள் வரைந்த அதே அகலம். அவள் வரைந்தபடியே இடப்பக்கம் கீல்.

"பாத்தியா, கட்டடமே என் பக்கம்," என்றான் சர்க்கரை.

"இது என் கற்பனைடா."

"போய்ச் சொல்லேன், யார் நம்புவாங்க? முனையப் பிடி."

டேப்பின் முனையை அவள் அந்தக் கதவருகே பிடித்துக்கொள்ள, அவன் கதவைத் திறந்து டேப்போடு உள்ளே போனான். இருட்டில் டேப்பின் எஃகுத் தகடு உரசியது... ஸ்ஸ்ர்...

"மூணு அடி. நாலு."

படத்தில் அதோடு சுவர்.

"ஒம்போது... இன்னும் சுவர் வரல."

வெளியே தெருவே பன்னிரண்டு அடிதான்.

"இருபத்தாறு." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "ஏய்... நீ இங்க என்னத்த வரைஞ்ச?"

"திரும்பி வந்துடு."

டேப் இரண்டு முறை வெட்டி இழுத்தது. அவர்கள் வேலையில் அதற்கு ஒரே அர்த்தம்: அளந்தாயிற்று, முனையை விடு.

இழுத்தது அவன் கைதானா? யோசிக்க நேரம் இருந்தது என்று என் கூட்டாளியிடம் அவளே ஒப்புக்கொண்டாள். இரண்டு வருஷம்... ஒரே பெயர்...

விட்டாள்.

காவலாளி ஓடி வந்தபோது அங்கே சுண்ணாம்புச் சுவர். காய்ந்த, பழைய சுவர். காலையில் படத்தில் அவள் பெயர் ஏறியது. முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுச் சர்க்கரை எங்கோ ஓடிவிட்டான் என்று ஊர் பேசிக்கொண்டது.

சுவரிலிருந்து டேப்பின் முனை மட்டும் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் கழித்து, யார் கண்ணிலும் படுமுன் நறுக்கிவிடலாமென்று கத்தரிக்கோலோடு போனாள். தொட்டவள் கையை உதறிக்கொண்டாள்.

தகடு வெதுவெதுப்பாக இருந்தது... யாரோ இவ்வளவு நாளும் விடாமல் பிடித்திருந்த மாதிரி.