நின்று பார்க்கும் இடம்

கழுத்து வலிக்கு நல்ல தைலம் தெரிந்தால் சொல்லுங்கள், ஐயா. இருபது வருடம் அண்ணாந்து பார்த்தே வேலை செய்த கழுத்து.

நானும் அண்ணனும் இல்லாத இடங்களைச் சுவரில் வரைகிறவர்கள். வெறும் சுவரில் நீண்ட தாழ்வாரம், தூண்கள், கோடியில் திறந்த கதவு. அப்படிப்பட்ட படத்தை நின்று பார்க்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். அங்கே நின்றால் கோடுகள் கூடிவரும். சுவர் மறைந்து தாழ்வாரம் திறந்துகொள்ளும். தள்ளி நின்றால் எல்லாம் கோணல்.

அந்த இடத்தைத் தேட, அண்ணன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகவே நடப்பார். பார்வை படத்தை விட்டு அகலாது. வாளி, ஏணி எதுவும் இடறாமல் இருக்க நான் பின்னால் நிற்பேன். சரியான இடம் வந்ததும் முதுகில் உள்ளங்கையை வைத்து நிறுத்துவேன். அந்தக் கை ஒருநாளும் தவறியதில்லை.

படத்தின் ஓரத்தில் அவர் பெயர் மட்டும் இருக்கும். அதில் எனக்கு வருத்தமில்லை.

போன வருடம் ஒரு பத்திரிகைக்காரர் என்னைக் காட்டி யாரென்று கேட்டார். "தம்பிதான். வண்ணம் குழைச்சுக் குடுப்பான். கோடு போடச் சொன்னா கை நடுங்கும்" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாங்கள் நின்றிருந்தது நான் வரைந்த படத்தின் முன்னால்.

நூலக மேல்மாடத்துப் படத்தை அவர் வெளியூரில் இருந்தபோது தனியாக முடித்தேன். சுவரிலிருந்து மாடத்தின் விளிம்பு வரை ஒன்பது அடி. நின்று பார்க்கும் இடத்தைப் பத்தேகால் அடியில் வைத்தேன். கை நடுங்கவில்லை.

விளிம்பிலிருந்த தடுப்புக் கம்பி பாலிஷுக்குப் போயிருந்தது. பதிலுக்கு ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். மாலை நான்கு மணிக்கு உயரத்து ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக வரும். தூண்களுக்கும் அதே சாய்வில்தான் நிழல் கொடுத்திருந்தேன். இரண்டு வெயிலும் ஒன்றாகும் நேரம் அது. கயிற்றின் நிழல் குறுக்கே விழுந்து அதைக் கெடுத்தது. அவிழ்த்துவிட்டேன்.

அந்த நேரத்துக்கு அண்ணனை வரச் சொன்னேன்.

"கம்பி எங்கடா?"

"நாளைக்கு வந்துடும்ணே. மொதல்ல படத்தப் பாருங்க."

தூண் தூணாகப் பார்த்தார். பிறகு ஒரு கண்ணை மூடிப் பின்னால் நடக்கத் தொடங்கினார். அன்று நான் பக்கவாட்டில் நின்றிருந்தேன்.

"எனக்கே இப்படி வராதுடா" என்றார். "இதுல உன் பேரையே போட்டுக்க."

விளிம்புக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றார். முதுகில் என் கைக்காகக் காத்தார் என்று நினைக்கிறேன்.

"கடைசித் தூண் இன்னும் சேரலையே. எவ்வளவுடா?"

"ரெண்டடிண்ணே."

அது பொய்யில்லை. நான் அவரைத் தொடக்கூட இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கீழே ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. இறங்குவதற்கு முன் படத்தின் ஓரத்தில் என் பெயரை எழுதினேன். அண்ணனே சொல்லிவிட்டுத்தான் போனார்.