சிவப்பு டேப்

உட்காருங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. பயப்படாதீர்கள், அங்கே நாற்காலி இருக்கிறது. புதிதாக வருகிற எல்லோரும் இப்படித்தான் ஒரு முறை தடவிப் பார்ப்பார்கள்.

எங்கள் வீடு தீப்பெட்டி அளவு. மாடியும் கீழுமாக மூன்றே அறை. இடத்தை அடைக்காததுபோல் தெரிய, கண்ணாடியும் அக்ரிலிக்கும்தான் சரி என்று கண்டுபிடித்தேன். மேசை, நாற்காலி, பூ ஜாடி, ஏன், குப்பைக்கூடையில்கூட அந்தப் பக்கம் தெரியும். முதல் நாளே என் கணவர் மேசையில் இடித்துக்கொண்டு மேசையிடமே மன்னிப்புக் கேட்டார். அன்று விழுந்து விழுந்து சிரித்தோம்.

மாமனாருக்குத்தான் ஒத்துவரவில்லை. இரண்டு கண்ணிலும் புரை, அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. தங்கமான மனிதர், பொய் சொல்லக்கூடாது. முழங்கால் கன்றிப்போயும் ஒரு வார்த்தை கடிந்ததில்லை. சிவப்பு டேப் வாங்கிவந்து எல்லா விளிம்பிலும் ஒட்டினார். நான் உரித்தேன். மறுபடி ஒட்டினார்.

"எனக்காக மட்டும் இல்லம்மா. நீ நாள் பூரா ஓடிக்கிட்டே இருக்கறவ, எங்கயாவது இடிச்சுக்கப் போற."

"அசிங்கமா இருக்கு மாமா. ஒரு மாசம் பொறுத்துக்கங்களேன்."

பிறகு அடி எண்ணி நடக்கப் பழகிக்கொண்டார். மாடியில் அவர் கட்டிலிலிருந்து படி இறங்கும் இடத்துக்குப் பதினொரு அடி. வாய்விட்டுத்தான் எண்ணுவார், சமையலறைவரை கேட்கும்.

அப்போதுதான் வீட்டு அலங்காரப் பத்திரிகை ஒன்றிலிருந்து படமெடுக்க வருவதாகச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அன்னிக்கு மட்டும் உங்க பொண்ணு வீட்டுக்குப் போயிட்டு வாங்களேன் மாமா."

"அட, நானும் படத்துல நிக்கறேனே! என் மருமக வீடுன்னு நாலு பேர்கிட்ட காட்டுவேன்ல?"

பழுப்புச் சட்டையை இஸ்திரி போட்டுத் தயாராக வைத்துவிட்டார். நீங்களே யோசித்துப் பாருங்கள் ஐயா. இத்தனை பாடுபட்ட வீட்டில் கண்ணை உறுத்துகிற ஒரே பொருள் அவர்தான்.

அன்று காலை மாடி மூலையில் இருந்த குட்டி அக்ரிலிக் ஸ்டூலைப் பளிச்சென்று துடைத்து, அவருடைய பத்தாவது அடியில் வைத்தேன். ஆமாம், நான்தான் வைத்தேன். ஒன்பதுவரை எண்ணியது கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன்.

படிக்குக் கீழே கிடந்தார். கட்டைவிரலில் ஒரு துண்டு சிவப்பு டேப், கிழித்துத் தயாராக இருந்தது. முந்தின நாள் கூடத்து மேசையில் கால்விரலை இடித்துக்கொண்டு கத்தினேன். காலையில் முதல் வேலையாக அதில் ஒட்டிவிடப்போவதாக மகனிடம் சொல்லியிருக்கிறார். என் கணவர் இப்போது அதையே சொல்லிச் சொல்லி அழுகிறார்.

மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடத்தான் போனேன். அதற்கு முன்னால் அந்த விரலிலிருந்து டேப்பை உரித்தேன். அசிங்கமாக இருந்தது ஐயா, படமெடுக்க ஆள் வருகிற நேரம்.