கிங்ஸ்டனில் ஐயா

தொண்ணூறுகளில் ஒரு நாள், ஸ்காபரோ பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெண் தன் சிநேகிதியிடம் சொன்னாள்:

"எங்கட ஐயா கிங்ஸ்டன் ஜெயிலில மறியலில இருக்கிறாராம்."

"அவர் யாழ்ப்பாணத்திலயெல்லே செத்தவர்?"

"ஓம். நான் தேடினது தம்பியை. எந்த மறியலுக்கு மாத்தினவை எண்டு தெரியேல்லை. மூண்டு கிழமையா ஒவ்வொரு மறியலுக்கும் போன் அடிச்சு, சிவகுமார் எண்டு கேட்டன். அப்பிடி ஒருத்தரும் இல்லையெண்டிட்டினம். நேற்று கிங்ஸ்டனில போன் எடுத்த ஒருத்தி தகப்பன்ர பேரைக் கேட்டாள். சொன்னன். 'ஓம், மிஸ்டர் கந்தையா இஞ்சதான் இருக்கிறார், வந்து பாக்கலாம்' எண்டாள். தம்பியை ஐயாவின்ர பேரிலதான் பதிஞ்சிருக்கினம்."

சிநேகிதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவளும் சிரித்தாள்.

"அம்மாவுக்குச் சொன்னனீரோ?"

"சொன்னன். இவ்வளவு நாளும் வெறும் தேத்தண்ணியோட கிடந்தவ, எழும்பிப் போய் ரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டா."