தண்ணி லாரி கேஸ்

தொலைக்கல சார். அபராதம் கட்டின ரசீதுன்னு ஒண்ணு இருந்தாத்தானே தொலைக்கிறதுக்கு? நீங்க எத்தனை வாட்டி கேட்டாலும் இதேதான்.

இந்தக் கோர்ட்டு கவுன்ட்டரை விட்டு ஓரமால்லாம் நிக்க மாட்டேன். பின்னாடி இருக்கறது பூரா எங்க தெரு ஆளுங்கதான். டெய்லர் மாமா, உங்களுக்கு அவசரமா? பாத்தீங்களா, இல்லையாம்.

என்ன கேஸா? எல்லாருக்கும் ஒரே கேஸ்தான், தண்ணி லாரி கேஸ். ஊர்ல கலாட்டா, நாலு பேருக்கு மேல கூடக்கூடாதுன்னு உத்தரவு போட்டிருந்தாங்க. அன்னிக்குன்னு பாத்து லாரி வந்துச்சு. குடத்தைத் தூக்கிட்டு வரிசையில நின்னோம். வரிசைன்னா நாலு பேரோடயா சார் நிக்கும்? போலீஸ் வந்து குடமும் கையுமா வேன்ல ஏத்திடுச்சு. எங்கம்மா வேன்லயும் குடத்தை இடுப்புலேருந்து இறக்கல. பக்கத்துல உக்காந்திருந்த போலீஸ்காரர் பேன்ட்டெல்லாம் ஈரம். சிரிக்காதீங்க. சரி, சிரிங்க, நாங்களும் சிரிச்சோம்.

இப்ப பெரிய கோர்ட்டு சொல்லிடுச்சு, அது குத்தமே இல்லைன்னு. கேஸெல்லாம் தள்ளுபடி, கட்டின அபராதம் வாபஸ். மாமா பாருங்க, கல்யாணத்துக்கு வர்ற மாதிரி சட்டையை இஸ்திரி போட்டுட்டு வந்திருக்காரு.

ஐயோ, எனக்குப் பணமே வேணாம் சார். வந்ததுலேருந்து அதைத்தானே கத்திட்டிருக்கேன். என் கேஸும் தள்ளுபடின்னு ஒரு தாள்ல அடிச்சு சீல் வெச்சுக் குடுங்க, போதும். அது இல்லாம ஹெட்மாஸ்டர் என்னைத் திரும்பச் சேத்துக்க மாட்டேங்கறாரு. பன்னெண்டாவது. பரீட்சை மட்டும்தான் பாக்கி. டயர் கடையில காத்தடிச்சே காலத்தை ஓட்டச் சொல்றீங்களா?

லிஸ்ட்ல இல்லையா? எப்படி இருக்கும்? ரசீது புக்கை வெச்சுக்கிட்டு லிஸ்ட்டு போட்டா, கட்டினவங்க பேருதான் வரும். கட்டாதவன் ஆளே இல்லையா? குத்தம்தான்னு ஒத்துக்கிட்டவங்க எல்லாம் இன்னிக்குச் சுத்தம். இல்லைன்னு சொன்ன என் கேஸ் மட்டும் இன்னும் உயிரோட கிடக்கு. நல்லா இருக்கு சார் உங்க நியாயம்!

என்னது? கட்டினேன், ரசீது தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்தா சேத்துடுவீங்களா? நல்ல மனசு சார் உங்களுக்கு, நெஜமாத்தான் சொல்றேன். ஆனா எழுத மாட்டேன். மாமா, நீங்க சும்மா இருங்க. நீங்க கட்டினீங்க, நீங்க வாங்கிக்கங்க.

பொய் எழுதறவனா இருந்தா அன்னிக்கே ஜட்ஜ் முன்னாடி சொல்லியிருப்பேனே. காசு இல்லாம ஒண்ணும் இல்ல. அம்மா கையில வெச்சுக்கிட்டுத்தான் நின்னாங்க. கட்டாம என்ன பண்ணேனா? உள்ள இருந்தேன். அப்பதான் பதினெட்டு முடிஞ்சிருந்துச்சு, பெரியவங்களோடயே போட்டுட்டாங்க. பரீட்சை எல்லாம் முடிஞ்சப்புறம்தான் ஜாமீன் கிடைச்சுச்சு.

ஜட்ஜைக் குறை சொல்ல மாட்டேன். தங்கமான மனுஷன், குரலைக்கூட உசத்தல. தம்பி, எல்லாரும் சொல்லிட்டாங்க, நீயும் தப்புதான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு அம்மாவோட வீட்டுக்குப் போன்னாரு. அம்மா பின்னாலேருந்து முதுகுல இடிக்கறாங்க, சொல்லித் தொலையேன்டான்னு.

நான் சொல்லல.