முதுகு மடங்கும் நாற்காலி

— அந்த வீடியோவை நூலக மேடத்துக்கு அனுப்பிட்டியா?

— காலையில எந்திரிச்சதும் அனுப்பிட்டேன். ஏங்க, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?

— முழுசாப் பாத்தியா?

— மொத அஞ்சு நொடி பாத்தேன். நம்ம நாற்காலி, நம்ம தேக்கு, கைப்பிடி வளைவுகூட அச்சு அசலா இருந்துச்சு. ஒரே ஒரு போட்டோவைக் குடுத்து, ஒரு பொண்ணு வந்து உக்காந்து படிக்கணும்னு எழுதினேன். ரெண்டே நிமிஷத்துல ஏஐ படமே எடுத்துக் குடுத்துருச்சு. சத்தியமா எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. உடனே அனுப்பிட்டேன்.

— பொறு பொறு. ஆறாவது நொடியில இருந்து பாரு. அந்தப் பொண்ணு எந்திரிக்குதா? திரும்புதா? இப்போ முதுகுப் பலகையைப் புடிச்சு என்ன பண்ணுதுன்னு சொல்லு.

— ஐயையோ. முன்னாடி கவுக்குதுங்க.

— கவுத்து, ரெண்டு கைப்பிடி மேலயும் படுக்க வெச்சு, பக்கத்துல ஸ்டூலைப் போட்டு அதுமேல எழுதுது. நாம செஞ்சது நாற்காலி. உன் மாயப்பொட்டி அதை மேசையாக்கிருச்சு, டிசைனர் அம்மா.

— சில நேரம் இல்லாததை எல்லாம் அதுவா சேத்துடும். நான்தான் கடைசி வரைக்கும் பாத்திருக்கணும். இருங்க, இப்பவே போன் போட்டு சொல்லிடறேன்.

— போனை வை. பதினோரு மணிக்குத்தானே வர்றாங்க? இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு.

— எண்பது நாற்காலி ஆர்டருங்க. இது கெடைக்கலேன்னா பட்டறையைப் பூட்டிட்டு நீங்க மறுபடியும் உங்க அண்ணன் ஃபேக்டரியில போயி நிக்கணும். பொய்ப்படம் காட்டி ஏமாத்தப் பாத்தோம்னு அந்த மேடம் நெனைச்சுட்டா?

— அந்த இடத்தை இன்னொரு தடவை ஓட்டு.

— எதுக்கு?

— ஓட்டேன். ம்... நிறுத்து. இங்க பாரு, எவ்வளவு திருட்டுத்தனம். கீல்னு ஒண்ணையுமே காணோம். பலகை ரப்பர் கணக்கா வளையுது. அந்தப் பொண்ணோட விரல் மரத்துக்குள்ள புகுந்து வெளிய வருது. ஆனா...

— காதுல சொருகின பென்சிலைக் கையில எடுத்துட்டீங்க. எனக்குப் பயமா இருக்கு.

— ஆனா நடக்கும்டி. முதுகைக் கைப்பிடி மட்டத்துல அறுத்து, முன்பக்கமா கீல் வெச்சா முன்னாடி மட்டும்தான் மடங்கும். சாஞ்சா பின்னாடி போகாது, அறுபட்ட கட்டையே தாங்கிக்கும். அந்தப் பழைய பீரோக் கதவுல ரெண்டு பித்தளைக் கீல் இருக்கு பாரு, கழட்டிட்டு வா.

— பொறுங்க. எதை அறுக்கப் போறீங்க?

— இதைத்தான்.

— இருக்கறதே இந்த ஒரு சாம்பிள். மூணு வாரம் இழைச்சீங்க. சரியா வரலேன்னா மேடத்துக்குக் காட்ட விறகுதான் மிஞ்சும்.

— அளந்துட்டேன். கைப்பிடிக்கு மேல இருக்கற முதுகோட உயரமும் கைப்பிடியோட நீளமும் ஒண்ணு. நீ வரைஞ்சப்போ உனக்கும் தோணல, இழைச்சப்போ எனக்கும் தோணல. அது பாட்டுக்கு உளறினதுல கண்ணுக்குத் தெரியுது. என்னால இப்போ சும்மா இருக்க முடியாது.

— சரி, அறுங்க. நான் புடிச்சுக்கறேன். என் மனசு மாறறதுக்குள்ள அறுங்க.

— நேராப் புடி. கண்ணை மூடாதே.

— மூடல. தூசிங்க.

...

— இப்போ கவு. மெதுவா.

— உக்காந்துருச்சு. ஏங்க, கைப்பிடி மேல கச்சிதமா உக்காந்துருச்சு. தண்ணி டம்ளர் வெச்சாக்கூட ஆடல பாருங்க. இன்னொரு தடவை கவுக்கறேன்.

— ஏழு தடவை கவுத்தாச்சு. கீலுக்கே மூச்சு வாங்குது.

— எட்டு. இதோட போதும். வண்டிச் சத்தம் கேக்குது, அவங்கதான். வாங்க மேடம், உள்ள வாங்க.

— வணக்கம்மா. இதுதானா? போட்டோவை விட நேர்ல நல்லா இருக்கே.

— மேடம், மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். வீடியோவுல முதுகு மேசையா மாறுச்சே, அது எங்க டிசைன் இல்ல. ஏஐ தானா போட்டது, நான் கவனிக்காம அனுப்பிட்டேன். ஆனா இன்னைக்கு நெசமாவே செஞ்சுட்டோம். இந்தாங்க, பாருங்க.

— ஒம்போது.

— நீங்க சும்மா இருங்க.

— எந்த வீடியோம்மா?

— காலையில அனுப்பினேனே மேடம்.

— அது என் போன்ல தொறக்கவே இல்ல. போட்டோவைப் பாத்தே புடிச்சுப்போச்சு. ஆர்டர்ல கையெழுத்தே போட்டுக் கொண்டு வந்திருக்கேன்.

— அப்போ அது காலையில எப்படி இருந்துச்சோ அப்படியே இருந்திருந்தா போதுமா மேடம்? நான் அறுத்துட்டேனே.

— இன்னொரு தடவை கவுங்க. எங்க வாசிப்பு அறையில மேசை போட இடமே இல்லாமத்தான் வெறும் நாற்காலி கேட்டேன். இந்த ஆர்டரைக் கிழிச்சுட்டு வேற எழுதறேன். எண்பதையும் அறுத்துடுங்க.