மாமனார் காருக்குப் புதுத் தகரம்

மழை நின்ற பிறகும் கூரை மட்டும் சொட்டிக்கொண்டிருந்த கேம்ப் பஸ் நிறுத்தத்தில், எனக்கு முன்னால் ஒரு தம்பதி.

“அப்பா கார்ல ராஜாவ வித்துட்டு நாற்காலிய பத்திரமா வச்சிருக்கீங்க,” என்றாள் அவள்.

“உள்ள மரச்சட்டமெல்லாம் உளுத்துப் போச்சும்மா. அதான் ஆகுர்டி பட்டறைல பழைய பாடியக் கழட்டிட்டுப் புதுத் தகரம் அடிச்சேன். இன்ஜின் ஒரிஜினல்தானே?”

“அந்த இன்ஜின் ஊர்ல ஆயிரம் கார்ல இருக்கு. ஒரு ராஜாவுக்குன்னு பம்பாய்ல கையால தட்டிச் செஞ்ச பாடி, உலகத்துலயே ஒண்ணு. அத பழைய இரும்பு வாங்குற கபாடிவாலாகிட்ட போட்டீங்க. ரொம்ப சமர்த்து.”

“நாளைக்கு மாமா வந்து என் கார் எங்கன்னு கேட்டா என்ன சொல்றது?”

அவள் பையிலிருந்து பித்தளைக் கதவுக் கைப்பிடி ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

“கபாடிவாலாகிட்ட இதுதான் மிச்சம் இருந்துச்சு. இதப் புடிச்சுக்கிட்டு வாசல்ல நில்லுங்க. அப்பா வந்ததும் கதவத் திறந்து விடுங்க.”