அம்மாவுக்கும் முன்பே அறிந்தவர்

லண்டனில், குரோய்டன் ட்ராமில் எனக்கு முன்னால் அக்காவும் தங்கையும் இருந்தார்கள். தங்கையின் கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை தொங்கியது.

"மனநல டொக்டர் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைக்கேல்லை. அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்லை. வார்டில ஒரு பேஷண்டுக்குத்தான் முதல் சொன்னனான்."

"பேஷண்டுக்கோ?"

"என்ரை முகத்தைப் பாத்து, என்ன நடந்தது எண்டு அவர்தான் கேட்டவர். வேற ஆரும் கேக்கேல்லை."

அக்கா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார்.

"இனி என்ன செய்யப்போறாய்?"

"அதே வார்டில இன்னும் ஒரு வருசம் டொக்டரா நிண்டு, திரும்ப விண்ணப்பிப்பன்."

"அதையும் அவருக்குச் சொன்னனியோ?"

"ஓம். 'எனக்கு வாற கிழமை துண்டு வெட்டி விடுகினம், நான் வீட்ட போறன். நீங்கள் அவசரப்படாம ஆறுதலா வாங்கோ' எண்டவர்."